நிலைமின்சாரத்தை நம்பி ஒரு சென்சாரை ஓட்டலாமா? பேட்டரி, சோலார், டைனமோவோடு ஒரு நேர்க்கணக்கு

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டதும் விரல் நுனியில் சுரீர் என்கிறது. நன்றாக உறைக்கிற பொறி என்றால் உடம்பில் 10,000 வோல்ட் வரை ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். சுவரில் இருக்கும் பிளக்கில் வருவது 230 வோல்ட்தான். அதைப்போல நாற்பது மடங்கு நம் சட்டையிலேயே இருக்கும்போது, பிடித்து வைத்துப் பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி பள்ளி அறிவியல் கண்காட்சி தொடங்கி இறுதியாண்டுப் பொறியியல் புராஜெக்ட் வரை விடாமல் வந்துகொண்டிருக்கிறது. 2012-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் சோங் லின் வாங் குழுவினர் உராய்வால் மின்சாரம் தரும் மெல்லிய ஜெனரேட்டரை அறிவித்தபின் அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி மதிப்பும் கூடிவிட்டது.

'முடியுமா' என்று மட்டும் கேட்டால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எதை ஓட்ட, எவ்வளவு நேரத்துக்கு, அதே வேலையை வேறு எது செய்யும் என்று சேர்த்துக் கேட்டால்தான் முடிவெடுக்க உதவும். எங்கள் முடிவு இது: வீட்டுக்கு வேண்டாம். வயலில் நிற்கும் சென்சாருக்கும் அநேகமாக வேண்டாம். அசைவையும் தொடுதலையும் உணர்கிற வேலைக்கு மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே அது மலிவான, நல்ல வழி.

ஒரு பொறியில் எவ்வளவு இருக்கிறது

மனித உடம்பு தரையைப் பொறுத்து ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம். அதில் 10,000 வோல்ட் ஏறினால் தேங்கும் ஆற்றல் 5 மில்லிஜூல். அவ்வளவுதான். வாட்சிலும் கார் சாவியிலும் போடும் சிஆர்2032 பட்டன் செல்லில் ஏறக்குறைய 2,400 ஜூல் இருக்கிறது. அந்த ஒரு செல்லுக்கு ஈடுகட்ட 4.8 லட்சம் முறை பொறி பறக்க வேண்டும். மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதற்கு 72 கோடிப் பொறிகள்.

வோல்ட் நிறைய இருக்கிறது, கூலூம் (மின்னூட்டத்தின் அளவு) இல்லை. மலையுச்சியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதைப் போல. உயரம் பெரிதுதான், டர்பைன் சுழல்வதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த 5 மில்லிஜூல் நாற்காலியிலிருந்தோ சட்டையிலிருந்தோ வந்ததில்லை. எழுந்தபோது நம் கால்கள் கொடுத்தது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். அவற்றைப் பிரிக்கச் செய்த வேலைதான் மின்னாற்றலாக நின்றது. ஆக நிலைமின்சாரம் டைனமோவைப் போல ஒரு மாற்றி. அசைவைக் கொடுத்தால் மின்சாரம் தரும். அதைச் சுரங்கம்போலத் தோண்டி எடுக்கும் மூலமாக நினைத்துத் திட்டம் போட்டால் முதல் அடியே தப்பாகும்.

டைனமோ ஏன் ஜெயித்தது

அசைவை மின்சாரமாக்க இரண்டு வழி: மின்புலம், காந்தப்புலம். உலகத்து மின்நிலையங்களெல்லாம் காந்தப்புலத்தையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு.

சாதாரணக் காற்று மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் உடைந்து பொறியாகிவிடும். அந்த உச்சத்திலும் ஒரு கனமீட்டர் காற்றில் மின்புலம் தேக்கிவைக்கும் ஆற்றல் 40 ஜூல். ஒரு டெஸ்லா காந்தப்புலம் அதே கனமீட்டரில் வைத்திருப்பது சுமார் 4 லட்சம் ஜூல். ஒரு டெஸ்லா ஒன்றும் அபூர்வமில்லை; சாதாரண மோட்டாரின் இரும்புக்குள் இருப்பதுதான். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரே அளவு இயந்திரத்தை இரண்டு வழியிலும் செய்தால் நிலைமின் இயந்திரத்துக்குக் கிடைக்கும் விசை இவ்வளவுதான் என்று இயற்கையே வரம்பு கட்டிவிட்டது.

காற்றின் அதே வரம்பை மின்னூட்டமாகச் சொன்னால், ஒரு சதுரமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 27 மைக்ரோகூலூமுக்கு மேல் நிற்காது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கீழே மறுபடி வரும். இடைவெளி சில மைக்ரோமீட்டராகக் குறுகினால் மட்டும் காற்று இதைவிட அதிகம் தாங்கும். அயனி பெருகுவதற்கு அங்கே ஓட இடமில்லை. மொபைல் போனில் சாய்வை உணரும் சில்லும் மைக் சில்லும் நிலைமின் முறையில் வேலை செய்வது அதனால்தான். சிறியதில் மின்புலம், பெரியதில் காந்தப்புலம் என்று மோட்டாமோட்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வானமும் மழையும்

வீட்டளவு யோசனைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். தெளிந்த நாளில் தரைக்கு அருகே மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் மின்புலம் இருக்கிறது. 100 மீட்டர் உயரத்தில் கம்பி கட்டினால் 10,000 வோல்ட். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் காற்று வழியே இறங்கும் மின்னோட்டம் சதுரமீட்டருக்கு 2 பிக்கோ ஆம்பியர்தான். ஒரு ஏக்கருக்கு வலை விரித்து 100 மீட்டர் உயரத்தில் பிடித்தாலும் 80 மைக்ரோவாட். ஒரு எல்இடி கூட ஒழுங்காக எரியாது.

மின்னலில் ஆற்றல் உண்டு. ஒரு மின்னலுக்கு நூறு கோடி ஜூல் என்று வைத்துக்கொண்டால் 278 யூனிட். அதில் பெரும்பகுதி வழியிலுள்ள காற்றைச் சூடாக்கி இடியாகவும் ஒளியாகவும் போய்விடுகிறது. தரைக்கு வருவதைப் பிடிக்க வேண்டுமானால் 30,000 ஆம்பியரை மைக்ரோவிநாடிகளில் விழுங்கும் கெபாசிட்டர் அடுக்கு வேண்டும். அது ஆண்டுக்குச் சில தடவை வேலை செய்யும், மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும்.

மழைத்துளி யோசனை இன்னும் சுவையானது. 2020-இல் ஹாங்காங் சிட்டி பல்கலைக்கழகக் குழு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரே துளியில் 100 சிறு எல்இடிகளை மின்ன வைத்தது. உண்மையான சாதனை. ஆனாலும் அந்தத் துளி 100 மைக்ரோலிட்டர். அதன் மொத்த ஆற்றலே 147 மைக்ரோஜூல். எல்இடிகள் ஒரு கணம் மின்னின, அவ்வளவுதான். இதைக் கூரைக்குக் கொண்டுபோவோம். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால், 100 சதுரமீட்டர் மாடியில் விழுவது 1.4 லட்சம் கிலோ தண்ணீர். 2 மில்லிமீட்டர் துளி விநாடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் வந்து விழும். அத்தனையையும் ஒரு சொட்டு இழப்பில்லாமல் மின்சாரமாக்கினாலும் வருடம் முழுவதற்கும் ஒரு யூனிட் தேறாது. அதே மாடியில் ஒரு மூலையில் வைத்த 1 கிலோவாட் சோலார் ஒரே நாளில் 4 யூனிட் தரும். வீட்டைப் பொறுத்தவரை பேச்சு இதோடு முடிகிறது.

சென்சாருக்கு வருவோம்

உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். குறைந்த மின்சாரத்தில் வெகுதூரத்துக்கு ரேடியோச் செய்தி அனுப்பும் ஒரு லோரா சென்சாரை எடுத்துக்கொள்வோம். மண் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது. ஒருமுறை விழித்து, அளந்து, வேகமான அமைப்பில் அனுப்பி முடிக்க 10 மில்லிஜூல். நாளுக்கு 96 தடவை, ஆக 0.96 ஜூல். மீதி நேரம் 3 மைக்ரோ ஆம்பியரில் உறங்குகிறது, 3.3 வோல்ட்டில் அதற்கே நாளுக்கு 0.86 ஜூல். இரண்டும் சேர்ந்தால் 1.8 ஜூல். சராசரி 21 மைக்ரோவாட். (ரிசீவர் தூரத்தில் இருந்து மெதுவான எஸ்எஃப்12 அமைப்புக்குப் போனால், அனுப்ப மட்டும் 150 மில்லிஜூலைத் தாண்டும், கணக்கு மொத்தமாக மாறிவிடும். முதலில் ஆன்டெனாவைச் சரிசெய்யுங்கள், மின்சாரம் அப்புறம்.)

இரண்டு அல்கலைன் பென்சில் செல்லில் எடுக்கக்கூடியது 20,000 ஜூல். நாளுக்கு 1.8 ஜூல் என்றால் காகிதத்தில் 30 ஆண்டு. அதற்கு வெகு முன்பே செல் தானாகவே இறங்கும். ஐந்தாறு ஆண்டில் கசிந்து போர்டை அரிக்கவும் செய்யும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. லித்தியம் தயோனில் குளோரைடு செல் இன்னும் நீடிக்கும், ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: மாதக்கணக்கில் மைக்ரோ ஆம்பியர் மட்டும் கொடுத்துவிட்டு திடீரென 40 மில்லி ஆம்பியர் கேட்டால் உள்ளே படிந்த உப்புப் படலத்தால் வோல்ட் சரிந்து சென்சார் ரீசெட் ஆகும். பக்கத்தில் ஒரு பெரிய கெபாசிட்டர் போட்டால் தீரும். சிஆர்2032 போட்டாலும் இதே தொல்லை. அதன் உள்தடை புதிதிலேயே பத்து இருபது ஓம், பழசானால் இன்னும் கூடும்.

5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சோலார் துண்டு நல்ல வெயிலில் நாளுக்கு 6,000 ஜூலுக்கு மேல் தரும். தேவையைப்போல மூவாயிரம் மடங்கு. தூசி படிந்து, இலை விழுந்து, மேகம் மூடி நூற்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் முப்பது மடங்கு மிஞ்சும். வீட்டுக்குள், 200 லக்ஸ் வெளிச்சத்தில், கால்குலேட்டரில் இருக்கும் அமார்ஃபஸ் வகைத் துண்டு சதுரசென்டிமீட்டருக்கு 4 முதல் 5 மைக்ரோவாட் தரும். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் 25 சதுரசென்டிமீட்டரில் கிடைப்பது 3 ஜூல். அதுவும் போதும், ஆனால் தேக்கிவைக்கும் இடத்தில் கசிவு இல்லாமல் பார்க்க வேண்டும். சோலாரில் கெடுவது பெரும்பாலும் தகடு கிடையாது. வெயிலில் பெட்டிக்குள் 60 டிகிரி ஏறும்போது லித்தியம் அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் அதைக் கொல்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் (LiFePO4) வகை போடுங்கள், பேட்டரியைத் தகட்டின் முதுகில் ஒட்டாமல் நிழல் பக்கம் வையுங்கள்.

இப்போது உராய்வு ஜெனரேட்டர். ஆய்வு வட்டாரத்தில் 'டெங்' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

டெங் ஒன்றைக் கட்டிப் பார்த்தால்

50 மைக்ரான் டெஃப்லான் தாள், 5 சென்டிமீட்டர் சதுரம். அதன் முதுகில் செம்பு டேப். எதிரே அதே அளவில் சமமான அலுமினியத் தகடு. இரண்டுக்கும் நடுவே நான்கு மூலையில் 2 மில்லிமீட்டர் பஞ்சுத் துண்டு. அழுத்தினால் தொட வேண்டும், விட்டால் பிரிய வேண்டும். இரண்டு தகட்டிலிருந்தும் ஒவ்வொரு ஒயர், நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ், அதன் பின் ஒரு கெபாசிட்டர்.

டெஃப்லான் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்வதில் பெயர்பெற்றது. சில நூறு தட்டலில் அதன் பரப்பு சதுரமீட்டருக்கு 30 மைக்ரோகூலூம் அளவில் நிலைகொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 27 நினைவிருக்கிறதா? அதன் பக்கத்தில்தான் நிற்கிறோம். 25 சதுரசென்டிமீட்டருக்கு அது 75 நானோகூலூம். அழுத்தும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை ஓடுவதால் ஒரு தட்டலுக்கு 150 நானோகூலூம். விநாடிக்கு இரண்டு தட்டு தட்டினால் சராசரி மின்னோட்டம் 0.3 மைக்ரோ ஆம்பியர்.

இந்த 0.3 மைக்ரோ ஆம்பியர்தான் எல்லாத் தோல்விக்கும் சாவி. 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் போடுகிறார்கள். அதன் டேட்டாஷீட்டில் கசிவு 3 முதல் 6 மைக்ரோ ஆம்பியர் வரை அனுமதி. உள்ளே வருவதைவிடப் பத்து இருபது மடங்கு வெளியே போகலாம். மணிக்கணக்கில் தட்டினாலும் வோல்ட் ஏறாததற்கு டெங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். டையோடில் இழப்பு குறையட்டும் என்று ஷாட்கி வகை எடுப்பது இன்னொரு தவறு. அது முன்பக்கம் மிச்சப்படுத்தும் 0.3 வோல்ட் இங்கே ஒரு பொருட்டே இல்லை. பின்பக்கம் கசியும் மைக்ரோ ஆம்பியர்கள் உயிரை எடுத்துவிடும். 1என்4148 போதும். பிரெட்போர்டில் கட்டாதீர்கள். 500 வோல்ட் நிற்கும் புள்ளியில் விரல் பிசுக்கோ சால்டரிங் ஃப்ளக்ஸோ 100 மெகா ஓம் பாதை போட்டால் 5 மைக்ரோ ஆம்பியர் அந்த வழியே ஓடிவிடும். உயர்வோல்ட் முனைகளைக் காற்றில் தொங்கவிட்டு இணைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

மல்டிமீட்டரை நேராக டெங்கில் வைத்து வோல்ட் பார்ப்பதும் வீண். அதன் 10 மெகா ஓம் உள்தடை மில்லிவிநாடிக்குள் மின்னூட்டத்தை வடித்துவிடும். ஆசிலோஸ்கோப் என்றாலும் ஒரு மீட்டர் கேபிளின் 100 பிக்கோஃபாரட், பிரிந்து நிற்கும் டெங்கின் 11 பிக்கோஃபாரடோடு சேர்ந்து வோல்ட்டைப் பத்தில் ஒன்றாக்கும். நம்பகமான வழி எளியது: 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரை வெறுமையாக்கி, 50 தட்டல் தட்டி, மீட்டரை வைத்த முதல் நொடியில் படியுங்கள். 7.5 வோல்ட் வந்தால் தட்டலுக்கு 150 நானோகூலூம் என்று பொருள். இரண்டு வோல்ட் வந்தால் தகடு சமமாகத் தொடவில்லை, அல்லது காற்று ஈரமாக இருக்கிறது.

இனி ஆற்றல் கணக்கு. 10 மைக்ரோஃபாரட்டை 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற 220 தட்டல், 110 விநாடி. தேங்கியது 54 மைக்ரோஜூல். ஒரு புளூடூத் அறிவிப்பு அனுப்ப ஏறக்குறைய 40 மைக்ரோஜூல் வேண்டும். 220 தட்டலுக்கு ஒரு செய்தி என்று ஆகிறது. நம் லோரா சென்சாருக்கு நாளுக்கு 1.8 ஜூல் வேண்டுமே? தட்டலுக்குக் கால் மைக்ரோஜூல் வீதம் விநாடிக்கு 83 தட்டல், இரவும் பகலும்.

உச்சத் திறன் என்ற கண்ணி

கட்டுரைகளில் சதுரமீட்டருக்கு இத்தனை வாட் என்று வரும் எண்ணைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். நம் டெங்கையே எடுத்துக்கொள்ளலாம். 50 மெகா ஓம் தடையில் இணைத்து, உச்சத்தில் 500 வோல்ட் வந்தால் அந்தக் கணத்தில் திறன் 5 மில்லிவாட். பரப்பால் வகுத்தால் சதுரமீட்டருக்கு 2 வாட். துடிப்போ 4 மில்லிவிநாடிதான்; ஒரு தட்டலுக்கு இரண்டு துடிப்பு, விநாடிக்கு இரண்டு தட்டல் என்று சராசரி எடுத்தால் சதுரமீட்டருக்கு 32 மில்லிவாட். அதையே 3.3 வோல்ட் கெபாசிட்டரில் போட்டுப் பார்த்தால் 0.2 மில்லிவாட். எந்த எண்ணிலும் பொய் இல்லை. 2 வாட்டுக்கும் 0.2 மில்லிவாட்டுக்கும் நடுவே பத்தாயிரம் மடங்கு பள்ளம் இருக்கிறது. புராஜெக்ட் போடுபவர் அந்தப் பள்ளத்தின் அடியில் நிற்கிறார்.

பள்ளத்தைக் கொஞ்சம் ஏறலாம். 500 வோல்ட் தரக்கூடிய ஒன்றை 3 வோல்ட் கெபாசிட்டரில் நேராகக் கொட்டுவதால்தான் இவ்வளவு வீண். முதலில் ஒரு சிறிய உயர்வோல்ட் கெபாசிட்டரில் 250 வோல்ட் வரை ஏறவிட்டு, பிறகு ஒரு சுவிட்சும் இன்டக்டரும் கொண்டு இறக்கினால் தட்டலுக்கு 19 மைக்ரோஜூல் வரை கணக்கில் வரும். சுற்றின் இழப்பு போக 8 கிடைத்தால் நல்லது. சிக்கல் அந்த சுவிட்சில் இருக்கிறது. அது திறந்திருக்கும்போது 0.3 மைக்ரோ ஆம்பியரில் ஒரு சிறு பங்கைக்கூடக் கசியவிடக் கூடாது. கடையில் கிடைக்கும் சைடாக்குகள் (குறிப்பிட்ட வோல்ட்டில் தானாக இணையும் சுவிட்சுகள்) பல மைக்ரோ ஆம்பியர் கசியும். லைன் டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பு எரியும் முன் அநேகமாகக் கசியாது. ஆனால் எரிந்ததும் 60 வோல்ட்டைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு ஆற்றலை அங்கேயே செலவழித்துவிடும். எல்லாம் சரியாக அமைந்து 8 மைக்ரோஜூல் வந்தாலும் லோரா சென்சாருக்கு விநாடிக்கு 2.6 தட்டல், நிற்காமல்.

ஒரு அழுத்துக்கு யார் எவ்வளவு தருகிறார்கள்

அசைவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சில இடங்களில் உண்டு: வெளிச்சமில்லாத இடம், பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடம். அப்போது டெங்கின் போட்டியாளர்கள் பீசோவும் (அழுத்தினால் வோல்ட் தரும் பீங்கான்) டைனமோவும்.

27 மில்லிமீட்டர் பித்தளை பஸ்ஸர் தட்டு ஒன்று 20 நானோஃபாரட். நன்றாக அழுத்தினால் 20 முதல் 30 வோல்ட். ஆற்றல் 4 முதல் 9 மைக்ரோஜூல். நம் டெங் பெரிய சுற்றோடு தருவதை இது நாலு டையோடோடு ஏறத்தாழ தந்துவிடுகிறது. விளிம்பில் மட்டும் தாங்கி நடுவில் அழுத்த வேண்டும்; ஒரேயடியாக அழுத்தினால் பீங்கான் விரிசல் விடும். சால்டரிங் இரும்பை நீண்ட நேரம் வைத்தால் அதன் குணமே போய்விடும்.

காந்த வகை இரண்டையும் தாண்டிப் போகிறது. பேட்டரியில்லாத ஒயர்லெஸ் சுவர் சுவிட்சுகளில் ஒரு அழுத்துக்கு 100 முதல் 200 மைக்ரோஜூல் வரை எடுக்கிறார்கள். விரல் மெதுவாக அழுத்தினாலும் உள்ளே ஒரு ஸ்பிரிங் எல்லை தாண்டியதும் 'டக்' என்று காந்தத்தைப் புரட்டுகிறது. வேகம் விரலுடையதில்லை, ஸ்பிரிங்குடையது. ஒரே அழுத்தில் ரேடியோச் செய்தி போய்விடும். சைக்கிள் சக்கர மையத்தில் இருக்கும் டைனமோ 3 வாட் தருகிறது. அந்த உலகத்தில் டெங்குக்கு இடமே இல்லை.

ஆனால் ஸ்பிரிங் வைக்க இடமில்லாத, காந்தமும் சுருளும் கனக்கிற இடங்கள் இருக்கின்றன. டைனமோவின் வோல்ட் வேகத்தைப் பொறுத்தது. மூச்சு விடும்போது மார்பு அசைவது, கடலலை மெல்ல ஏறி இறங்குவது போன்ற மந்தமான அசைவில் சிறு சுருள் சில மில்லிவோல்ட்தான் தரும், டையோடைக்கூடத் தாண்டாது. டெங் அப்படியில்லை. மெதுவாகப் பிரித்தாலும் வேகமாகப் பிரித்தாலும் அதே 75 நானோகூலூம்தான். துணியாகத் தைக்கலாம், செருப்புக்குள் வைக்கலாம், கனமே இல்லை. கடலலையில் ஆயிரக்கணக்கான உருண்டைகளை வலையாக மிதக்கவிடும் யோசனை இந்தக் குணத்தை நம்பித்தான் வந்தது. டெங்கின் நியாயமான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதை மதிக்கிறோம். உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் நீர் புகாமல் நிற்க வைப்பது மட்டும் தனி வேலை.

ஈரக்காற்று

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதைக் கட்டுபவர் முதலில் கேட்க வேண்டியது இது. ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினால் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து மின்னூட்டம் வழுக்கிப் போய்விடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் கதவைத் தொட்டால் பொறி. சென்னையில் ஏசி அறைக்குள் மட்டும். கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் ஹுமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓட்டுவதற்கு ஒரு காரணம், நூலில் ஏறும் நிலைமின்சாரத்தை ஈரத்தால் இறக்குவதுதான். ஏசி ஆய்வகத்தில் 40 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த அளவை ஐப்பசி மழையில் வயலில் எதிர்பார்க்கக் கூடாது. சிலிகானில் அடைத்துவிடலாம்; ஆனால் காற்றுப் புகாத பைக்குள் தகடு தொட்டுப் பிரிய உள்காற்று எங்காவது ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி அழுத்தம் காற்றை அமுக்குவதிலேயே போகும்.

ஆலைகளில் தானாக உண்டாகும் நிலைமின்சாரத்தை அறுவடை செய்யலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 1.5 மீட்டர் அகலப் பிளாஸ்டிக் தாள் நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடி, சதுரமீட்டருக்கு 10 மைக்ரோகூலூம் ஏறினால் கிடைக்கும் ஓட்டம் 25 மைக்ரோ ஆம்பியர். 10,000 வோல்ட்டில் கால் வாட். அதுவும் அந்தத் தாளை இழுக்கும் மோட்டார் கொடுத்த கால் வாட். பெட்ரோல், கரைப்பான் ஆவி உள்ள இடத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் பொறி போதும். நம் உடம்புப் பொறி அதைப்போல இருபது மடங்கு. டேங்கர் லாரியை இறக்குமுன் எர்த் கிளாம்ப் மாட்டுவது அதற்காகத்தான். அங்கே நிலைமின்சாரத்தைத் தேக்குவது என்றால் ஆபத்தைத் தேக்குவது.

எதை எடுப்பது

வெயில் படுகிற இடம் என்றால் சோலார், வேறு யோசனை தேவையில்லை. வெயில் இல்லை, ஆனால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆள் போக முடியும் என்றால் இரண்டு பென்சில் செல். அழுத்தும்போது மட்டும் செய்தி அனுப்பினால் போதும் என்றால் ஸ்பிரிங் வைத்த காந்த சுவிட்ச்.

டெங்கை எடுக்க வேண்டிய இடம் வேறு. அதன் துடிப்பைச் சார்ஜாக நினைக்காமல் சிக்னலாக நினையுங்கள். 500 வோல்ட் துடிப்பு ஒரு மாஸ்ஃபெட்டின் (வோல்ட்டால் இயங்கும் சுவிட்ச்) கேட் முனையைத் தூண்டத் தாராளம். கேட் எரியாமலிருக்க வோல்ட்டை மட்டுப்படுத்தும் 12 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று மட்டும் வேண்டும். கதவு திறந்தது, யாரோ மிதித்தார்கள், மார்பு விரிந்தது, பெல்ட் நழுவியது: இவற்றை உணரும் பாகத்துக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர்கூடச் செலவில்லை. சென்சார் முழு உறக்கத்தில் இருக்க, டெங் தட்டி எழுப்ப, எழுந்து செய்தி அனுப்பும் ஆற்றல் பென்சில் செல்லிலிருந்து வரட்டும். மேலே பார்த்த கணக்கில் பாதிச் செலவு உறக்கத்துக்கே போனது நினைவிருக்கும். கடிகாரத்தையும் நிறுத்திவிட்டு அசைவு வந்தால் மட்டும் எழுகிற அமைப்பில் அந்தப் பாதி மிச்சம்.

கல்லூரி புராஜெக்டாக எடுப்பவர்கள், பிரிட்ஜுக்குப் பின்னால் 100 நானோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரும் அதற்கு இணையாக ஒரு லைன் டெஸ்டர் நியானும் வைத்துத் தொடங்கலாம். நியான் சுமார் 80 வோல்ட்டில் எரிந்து 60-இல் அணையும். 150 நானோகூலூம் டெங் என்றால் ஏறக்குறைய 13 தட்டலுக்கு ஒருமுறை ஆரஞ்சு நிறத்தில் மின்னும். அதைக் காலை பத்து மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, மழை நின்றதும் ஒருமுறை எண்ணி, பக்கத்தில் ஈரப்பதமானியின் அளவையும் எழுதுங்கள். விடியற்காலையில் 13 என்பது 40 ஆகிறதா, அல்லது நியான் எரியவே மறுக்கிறதா என்ற அந்த அட்டவணை, எந்த உச்சத் திறன் எண்ணையும்விட அந்த டெங்கைப் பற்றி அதிகம் சொல்லும்.